கொரிய மொழி பேச ஆள் வேண்டுமா? கேளம்பாக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி!

கேளம்பாக்கம் சந்திப்பில் நின்றால் திசைக்கு ஓர் உலகம். வடக்கே சிறுசேரி ஐ.டி பூங்கா. கிழக்கே உப்பளங்களைத் தாண்டினால் கோவளம் கடற்கரை. தெற்கே திருப்போரூர், மாமல்லபுரம். மேற்கே வண்டலூர் போய், அப்படியே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலைகள்.

அந்த மேற்குப் பக்கம்தான் கொரியர்களை இங்கே அழைத்து வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு சாம்சங்கும், உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. கூடவே வந்தது ஒரு தேவை: கொரிய மொழியும் ஆங்கிலமும் தெரிந்த ஆள்!

இந்தக் கடற்கரைக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரக் கம்பெனிகள் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் துபாஷிகள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களில் புகழ்பெற்றவர். 2019 அக்டோபரில் மாமல்லபுரச் சிற்பங்களுக்கு நடுவே மோடியும் ஷி ஜின்பிங்கும் பேசியபோதும், உடன் நடந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்களே.

யாரைத் தேடுவது?

ஒப்பந்தம், வரைபடம், சான்றிதழ் போன்றவற்றுக்கு எழுத்து மொழிபெயர்ப்பாளர். மீட்டிங், ஆஸ்பத்திரி, தொழிற்சாலைத் தளம் என்றால், உடனுக்குடன் வாய்மொழியாகச் சொல்பவர். ஒன்றில் கெட்டிக்காரர் இன்னொன்றிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது.

சென்னையில் 2006-ல் தொடங்கப்பட்ட இன்கோ சென்டர் கொரிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. விசாரிக்க அது நல்ல இடம். 'டோபிக்' என்ற கொரிய மொழித் தேர்வில் 6 நிலைகள் உண்டு. தொழில்முறை வேலைக்கு 5, 6-ம் நிலைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால், அது மொழித்திறனுக்கான சான்று மட்டுமே. வெல்டிங் பற்றிய பேச்சு என்றால் வெல்டிங் வார்த்தைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணில் கவனம்!

பெரிய ஆபத்து எண்களில்தான். கொரியர்கள் 10,000-ஐ 'மன்' என்று ஓர் அலகாக எண்ணுகிறார்கள். நமது 1 லட்சம் அவர்களுக்கு 10 'மன்'. 'ஒக்' என்றால் 10 கோடி. ஆங்கிலத்தில் 100 மில்லியன். அவசரத்தில் ஒரு பூஜ்யம் நழுவினால் ஒப்பந்தமே தடம் மாறும். மருந்தளவு என்றால் உயிருக்கே ஆபத்து. எனவே தொகை, தேதி, அளவு மூன்றையும் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

'நே' என்றால் 'ஆமாம்'. ஆனால் பல நேரம் அதற்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் அர்த்தம். அதைச் சம்மதம் என்று நினைத்துவிடக் கூடாது.

வேலை தருமுன்...

* பேசப்போகும் விஷயம், பெயர்கள், தொழில் வார்த்தைகளை முன்கூட்டியே கொடுங்கள்.
* நாள் முழுக்க மீட்டிங் என்றால் இருவரை அமர்த்துங்கள். களைப்பில்தான் பிழை வரும்.
* ரகசியக் காப்பு ஒப்பந்தம் போடுங்கள்.
* விசா, நீதிமன்ற ஆவணம் என்றால், எந்த அத்தாட்சியை ஏற்பார்கள் என்று அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி: கொரிய வாக்கியத்திலும் தமிழைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். அப்பாவை அவர்களும் 'அப்பா' என்றே அழைக்கிறார்கள். கொரிய சீரியல் பார்த்து வந்த ஆசையை முறையான படிப்பாக்கினால் தொழிலாகவே மாற்றலாம். ஒன்று மட்டும் முக்கியம்: புரியாத இடத்தில் ஊகித்துச் சொல்லாமல், 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்பவரைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.