நாம் எழுத்தாளர் ஆன கதை

சென்ற திங்களில் ஒரு மாலை, நம் தமிழ்த்துறை மாணவர் மூவர் இல்லம் தேடி வந்தனர். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றனர். பொருள் யாது என வினவினோம். "வெற்றி பெற்ற எழுத்தாளர் ஆவது எப்படி, ஐயா" என்றார் மூவருள் துணிந்தவர். உள்ளே நம் துணைவியார் சிரித்த ஒலி வாசல்வரை கேட்டது. அச்சிரிப்புக்குக் காரணம் உண்டு. நம் தலைக்கு நேர்மேலே, பரணில், நாம் எழுதிய ஒரே நூலின் படிகள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை கட்டுப் பிரியாமல் உறங்கிக்கொண்டிருந்தன. ஆயினும் மாணவர் கேட்டதை மறுத்துப் பழக்கம் இல்லாமையால் எழுதத் துணிந்தோம்.

எழுத்தாளர் ஆவதற்கு மதுரையைப் போல் இடைஞ்சலான ஊர் பிறிதொன்று இல்லை. ஏனைய ஊர்களில் ஒருவன் நூல் எழுதினால், அயலார் 'நன்று' என்று சொல்லித் தேநீரும் வாங்கித் தந்துவிடுவர். இவ்வூரிலோ சங்கப்பலகை என்றொரு கருவி இருந்ததாகத் தொன்றுதொட்டுச் சொல்லி வருகின்றனர். பொற்றாமரைக் குளத்தில் மிதந்த அப்பலகை, தகுதி வாய்ந்த புலவருக்கு இடங்கொடுத்து, அல்லாதாரை நீரில் தள்ளிவிடுமாம். நீச்சல் தெரியாத புலவர்கள் என்ன ஆயினர் என்பது பற்றிக் கதை சொல்வோர் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தருமிக்காக இறைவனே எழுதித் தந்த பாட்டிலும் நக்கீரர் குற்றம் கண்டார் என்பதும் இவ்வூர்க் கதையே. அந்தக் குருதி இன்றும் ஊரில் ஓடுகிறது. முடிதிருத்தும் நிலையத்தில் அமர்ந்து நாளிதழ் படிப்பவர்கூட, தலையங்கத்தில் ஓர் ஒற்று மிகுந்திருப்பதைச் சுட்டாமல் கத்தரிக்கோலுக்குத் தலை கொடுக்க மாட்டார்.

1901-ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். குறட்பாக்களில் எதுகை மோனை சரியில்லை என்று கருதிய ஆங்கிலேயர் ஒருவர், வள்ளுவரைத் தாமே 'திருத்தி' அச்சிட்டாராம். தேவர் அப்படிகளை விலை கொடுத்து வாங்கித் தீயில் இட்டுவிட்டாராம். இச்செய்தியைக் கேட்குந்தோறும் நமக்குப் பொறாமையே மேலிடும். இருந்த படிகளை எல்லாம் ஒருசேர ரொக்கத்துக்கு விற்ற நூலாசிரியர், நாம் அறிய மதுரையில் அவர் ஒருவரே.

நம் ஊர் சோழவந்தான். வைகைக் கரையில், கொடிக்கால்களுக்கு நடுவே உள்ள ஊர். அவ்வூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதை அனைவரும் அறிவீர்கள். நம் அத்தா வெற்றிலைத் தரகு செய்தவர். விடியுமுன் கொடிக்காலுக்குப் போய், கவுளி எண்ணி, கட்டுக் கட்டி, மதுரைப் பேட்டைக்கு அனுப்புவார். அவர் சட்டையிலும் துண்டிலும் எப்போதும் ஈர வெற்றிலையின் மணம் இருக்கும். கல்லூரிக்குச் சென்ற நாளிலிருந்து அம்மணம் நமக்குப் பிடிக்காமல் போயிற்று. நாம் அப்போது மொழிபெயர்ப்பில் வந்த உருசிய நாவல்களைப் படித்துக்கொண்டிருந்தோம். பனியின் மணத்தைப் பற்றி எழுத விரும்பினோம். சோழவந்தானில் பனி பெய்வதில்லை என்பது ஒரு தடையாகத் தோன்றவில்லை.

முதல் வேலையாகப் புனைபெயர் ஒன்று வேண்டியிருந்தது. 'வைகைநேசன்' என்று வைத்துக்கொண்டோம். பின்னர், போதிய தபால்தலை ஒட்டிச் சுயமுகவரி எழுதிய உறையுடன் வார இதழ்களுக்குக் கதைகளை அனுப்பலானோம். பாரதியாரின் கவிதை முதன்முதலாக அச்சேறியது 1904-இல், மதுரை 'விவேகபானு' இதழில்தான். அதே ஆண்டில்தான் அவர் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். நாமும் மதுரையில் படிக்கிறோம், நாமும் தமிழாசிரியர் ஆகப்போகிறோம் என்று பொருத்தங்களைக் கூட்டிப் பார்த்து மகிழ்ந்தோம். கதைகள் திரும்பி வந்தன. உறையின்மேல் புனைபெயரை மட்டும் எழுதியிருந்தமையால் தபால்காரர் மூன்று நாள் ஊர் முழுதும் வைகைநேசனைத் தேடி அலைந்து, இறுதியில் பேட்டையில் நம் அத்தாவிடமே விசாரித்தார். அத்தா நெடுநேரம் சிந்தித்து, "அந்தப் பெயரில் நம்மிடம் யாருக்கும் பாக்கி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இவ்வாறு பதினேழு கதைகள் திரும்பிய பின்னர், 1982-இல், குற்றம் இதழாசிரியர்களிடம் இருப்பதாக முடிவு செய்து, நூலை நாமே அச்சிடுவதென்று தீர்மானித்தோம். பணம் வேண்டுமே! அம்மா தம் கைவளையல்கள் இரண்டை, மூன்று பவுன், கழற்றித் தந்தார்கள். "அத்தாவுக்குத் தெரிய வேண்டா. தங்கச்சி கலியாணத்துக்குள் மீட்டுவிடு, தம்பி" என்ற ஒரு சொல்தான் சொன்னார்கள். அடகுக் கடையில் 2,500 ரூபாய் கிடைத்தது.

அச்சகம் சென்றோம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் காலம் அது. சில பக்கங்களை அடுக்கி அச்சிட்டுவிட்டு, அவ்வெழுத்துகளையே பிரித்து அடுத்த பக்கங்களுக்கு எடுப்பார்கள். இரண்டாம் நாளே அச்சுக்கோப்பவர் நம்மை அழைத்தார். அவரே நம் முதல் திறனாய்வாளர். "சார், உங்கள் கதையில் ஆள்கள் ஓயாமல் வியக்கிறார்கள். எங்களிடம் வியப்புக்குறி மொத்தமே நாற்பதுதான் இருக்கிறது. ஒன்று வியப்பைக் குறையுங்கள், இல்லையேல் எட்டு எட்டுப் பக்கமாக வியக்கச் சொல்லுங்கள்" என்றார். மனமின்றி இசைந்தோம். நம் நூலின் முற்பகுதியில் காதலர் ஆரவாரமாகவும் பிற்பகுதியில் அடக்கமாகவும் பேசுவதற்கு ஈயப் பற்றாக்குறையே காரணம். ஓர் ஆய்வாளர் பிற்காலத்தில் இதனை 'நடை முதிர்ச்சி' என்று எழுதினார், நாம் மறுக்கவில்லை.

எத்தனை படி என்று கேட்டார்கள். பாரதியார் 1920-இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படி வீதம் அச்சிடத் திட்டமிட்டவர். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும்போல அவை வீடுதோறும் செல்லும் என்று நம்பியவர். உதவி வேண்டிச் சுற்றறிக்கையும் விடுத்தார். பணம் வரவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். அவருக்கே அந்நிலை என்றால் நாம் அடக்கத்தோடு இருத்தல் நன்று எனக் கருதி, ஆயிரம் படி போதும் என்றோம். விலை 6 ரூபாய். பின்னட்டையில் ஆசிரியர் குறிப்பும் நாமே எழுதினோம். அதில் 'வணிகப் பெருமகனார் ஒருவரின் மைந்தர்' என்று ஒரு தொடர் இருந்தது. அது பின்னர் வரும்.

வெளியீட்டு விழா நன்றாக நடந்தது. அதாவது, தேநீர் போதவில்லை. பேசிய பெரியவர் நூலைப் படிக்க நேரமில்லாமல் போனமையால் நம் ஒழுக்கத்தைப் பாராட்டினார். விழாவில் விற்றவை 11. அதன்பின் புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளுக்குப் பையோடு ஏறி இறங்கினோம். (அக்கடைகள் இன்று அங்கு இல்லை.) துணைப்பாட நூலா, வினா விடையா என்று கேட்டார்கள். இரண்டும் அல்ல, இலக்கியம் என்றோம். பையை வெளியே வைத்துவிட்டு வருமாறு அன்போடு சொன்னார்கள்.

அந்நாளில் நமக்கு ஆறுதலாக இருந்தவர் சி.சு. செல்லப்பா. நம் ஊருக்கு அப்பால் நிலக்கோட்டையைத் தாண்டினால் அவருடைய வத்தலக்குண்டு. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்தினார். 2,000 படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே வரம்பு கட்டிக்கொண்டார். அவ்வரம்பை மீறும் இக்கட்டு இதழுக்கு வரவேயில்லை. தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். மாட்டணைதலை வைத்து அவர் எழுதிய 'வாடிவாசல்' இன்று பல பதிப்புகள் கண்டு, ஆங்கிலத்துக்கும் சென்றுள்ளது. சாகித்திய அகாதெமி விருதோ 2001-இல், அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து வந்தது. அவரைப் போலவே நாமும் சுமக்கிறோம் என்று அன்று எண்ணிக்கொண்டோம். மூட்டை ஒன்றே என்பது உண்மைதான். உள்ளே இருந்த சரக்கில்தான் வேறுபாடு. அதை உணரும் வயது அப்போது இல்லை.

ஆறு திங்களில் விற்றவை 23. அன்பளிப்பாகப் போனவை 140. தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. அம்மா முழுக்கைச் சட்டை அணியத் தொடங்கினார்கள். அத்தா வணிகர் அல்லவா? இரண்டு நாளில் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. சினப்பார் என்று நடுங்கி நின்றோம். அவர் கட்டுகளைச் சுற்றி வந்து, ஒரு கட்டைத் தூக்கி எடை பார்த்து, மெல்லச் சொன்னார்: "வெற்றிலை விற்காவிட்டால் மூன்று நாளில் அழுகி, தானே வீட்டை விட்டுப் போய்விடும். உன் சரக்கு அழுகவும் மாட்டேன் என்கிறதே, தம்பி."

பின்னர் ஒரு படியை எடுத்துப் பின்னட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "வணிகர் என்று போட்டிருக்கிறாய். என்ன வணிகம் என்று போட இடம் பற்றவில்லையா?" என்றார். ஈயம் பற்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். நா எழவில்லை.

மறுநாள் முதல் நம் நூல் வெற்றிலைக் கட்டுகளோடு பேட்டைக்குப் போயிற்று. அத்தாவின் விற்பனை முறை எளியது. "என் மகன் எழுதியது. படித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஆறு ரூபாய், கடன் கிடையாது" என்பார். வெற்றிலைக்கு மாதக்கணக்கில் கடன் சொன்னவர்களும் நூலுக்கு ரொக்கம் தந்தார்கள். ஓராண்டில் 212 படி விற்றார். வளையல்களையும் மீட்டார். நூல் விற்ற பணம் அதற்குப் பாதிதான் காணும். மீதியை எதிலிருந்து எடுத்தார் என்று அவர் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

அந்த 212-இல் ஒன்றை வாங்கியவர் கொடிக்காலில் கூலிக்கு வேலை செய்த பெரியவர் ஒருவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்புப் படித்த மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு நாள் நம் வாசலுக்கு வந்து, திண்ணையில் அமராமல் நின்றபடியே கேட்டார்.

"மூன்றாவது கதையில் அந்தப் பையன் செருப்புச் சத்தம் கேட்கக் கொடிக்காலுக்குள் போகிறானே, தம்பி. யார் கொடிக்கால் அது?"

கற்பனைக் கொடிக்கால் என்றோம்.

"கற்பனையானாலும் செருப்போடு உள்ளே விடுவார்களா? நாங்கள் கழற்றி வைத்துவிட்டுத்தானே நுழைகிறோம். அப்படியே போனாலும் அந்த ஈர மண்ணில் சத்தம் எப்படிக் கேட்கும்? அந்த இடத்தில் மகளிடம் போதும் என்று சொல்லிவிட்டேன். மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை" என்றார். குறை சொல்ல வந்தவர்போல் அவர் பேசவில்லை. நாம் எதையோ இழந்துவிட்டோம் என்று துக்கம் விசாரிப்பவர்போல் பேசினார்.

சங்கப்பலகை எப்படித் தள்ளும் என்பதை அன்று அறிந்தோம். கொடிக்காலுக்கு அரைக்கல் தொலைவில் பிறந்து, அவ்வருமானத்தில் உண்டு, படித்து, பட்டம் பெற்றவர் நாம். அகத்தி நிழலில் அந்த மண் எத்தனை குளிர்ச்சியாய் இருக்கும் என்பதை ஒரு வரியாயினும் எழுதவில்லை. 1988-இல் தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வந்தபோது வாங்கிப் படித்து, இரவு முழுதும் உறங்கவில்லை. அவர் வற்றல் மிளகாய் வணிகம் செய்தவர். தேங்காப்பட்டணத்துக் கடற்கரை மக்கள் பேசும் மொழியை அப்படியே எடுத்து வைத்திருந்தார். சாகித்திய அகாதெமி விருது 1997-இல் அவரைத் தேடி வந்தது. மிளகாயின் நெடியை அவர் மறைத்ததாகத் தெரியவில்லை.

பெரியவர் வந்து போன அன்று இரவே பேனாவை எடுத்துப் பரண் ஏறினோம். எஞ்சிய படிகள் அனைத்திலும் 37-ஆம் பக்கத்தில் செருப்பை அடித்தோம். பையன் வெறுங்காலோடு உள்ளே போனான். பின்னட்டையிலும் ஒரு சொல் சேர்த்தோம். இவ்வேலை முடிய ஒன்பது இரவுகள் ஆயின. அதன் பின்னர்ச் சிறுகதை எழுதவில்லை; ஆசிரியப் பணி கிடைத்தது, பிறர் கதைகளைப் பாடஞ்சொல்லும் எளிய வாழ்வில் அமர்ந்துவிட்டோம். இடையில் கறையான் ஒரு கட்டைத் தின்றது. நம் நூலை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை விடாமல் சுவைத்த வாசகர் அதுவே.

இவ்வளவையும் கேட்ட மாணவர் மூவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மலர் வெளியீட்டன்று அரங்க வாயிலில் மேசை போட்டு விற்பதாகச் சொல்லிப் பத்துப் படிகள் கேட்டனர். ஏணி வைத்து இறக்கிக் கொடுத்தோம். துணிந்தவர் தூசு தட்டிப் பின்னட்டையைப் பார்த்தார்.

"ஐயா, இங்கே 'வணிக' என்பதற்கு முன்னால் மையால் 'வெற்றிலை' என்று எழுதியிருக்கிறதே. எல்லாவற்றிலும் இருக்கிறதா?"

"எல்லாவற்றிலும் இருக்கிறது."

"இப்போது என்ன விலைக்கு விற்கலாம், ஐயா?"

"ஆறு ரூபாய்தான். கடன் கிடையாது."