பன்னிரண்டு வருஷக் கணக்கு

"பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டுல குடியிருந்தா, அந்த வீடு குடியிருக்கிறவங்களுக்கே சொந்தமாயிடுமாமே சார், உண்மையா?"

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். வீட்டுக்காரர்கள் பயத்தோடு கேட்பார்கள். குடியிருப்பவர்களில் சிலர் கொஞ்சம் ஆசையோடு கேட்பார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் ஒன்றுதான். வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு வருஷக் கணக்கால் வீடு சொந்தமாகாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவன். ஐந்து வகை நீதிப்பேராணைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் நடத்திய எந்தப் பாடப்புத்தகத்திலும் வாடகை ரசீது எப்படி எழுதுவது என்று ஒரு பக்கம்கூட இருந்ததில்லை. மனு எழுதித் தரச் சொல்லிப் பழைய மாணவர்கள் திண்ணைக்கு வர ஆரம்பித்த பிறகுதான் இதெல்லாம் படித்தேன். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லி, மேற்கொண்டு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போய் விடுவது என் வழக்கம்.

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம். கும்பகோணத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் பழைய இரண்டுகட்டு வீடு ஒன்று. முன்கட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். பின்கட்டில் தையல்காரர் குடும்பம். தையல்காரரின் மனைவி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். அவள்தான் அழுதுகொண்டே வந்தாள்.

"சார், மூணு நாளா மோட்டார் போட மாட்டேங்கறாங்க. பின்னாடி டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. பொங்கலுக்குள்ள காலி பண்ணுங்கறாங்க. பொண்ணு பிளஸ் டூ சார், மார்ச்சுல பரீட்சை."

காவல் நிலையத்துக்கும் போயிருக்கிறாள். "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பதில் தப்பில்லை. ஆனால் கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்குக் கால் நடுங்கிவிடும், அவளுக்கும் அப்படித்தான்.

வாடகை பாக்கியா என்று கேட்டேன். ஒரு மாதம்கூட இல்லை. 2013 தையில் குடிவந்தபோது 2,500, இப்போது 4,500. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கையில் கொடுத்து, நாற்பது பக்க நோட்டில் அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக அந்த அம்மா பணத்தை வாங்கிக்கொள்கிறார், கையெழுத்து மட்டும் போடுவதில்லை. சென்னையில் இருக்கும் மகன் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. 2013 தையோடு பன்னிரண்டைக் கூட்டினால் 2025 தை. அதனால்தான் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள்.

இந்தப் பன்னிரண்டு வருஷம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1963 காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. சொத்தின் உரிமையை வைத்து சுவாதீனம் கேட்டு வழக்குப் போடப் பன்னிரண்டு வருஷம் அவகாசம், அரசு நிலம் என்றால் அரசுக்கு முப்பது வருஷம். ஒருவர் இன்னொருவர் இடத்தில், உரிமையாளருக்கு எதிராக, ஊரறிய, இது என்னுடையது என்று தொடர்ந்து அனுபவித்து, உரிமையாளர் அத்தனை காலமும் சும்மா இருந்தால்தான் இந்தக் கணக்கு. கோர்ட் தமிழில் எதிரிடை அனுபவம் என்பார்கள். வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். அவருடைய அனுபவத்தில் எதிரிடை எங்கே இருக்கிறது?

அதோடு, வாடகைக்கு வந்தவர் குடித்தனம் நடக்கும் காலத்தில் "இந்த வீட்டுக்கு இவர் சொந்தக்காரரே இல்லை" என்று வழக்காட முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் 116ஆம் பிரிவாக இருந்த விதி இது. 2024 ஜூலையில் புதுச் சாட்சியச் சட்டம் வந்த பிறகும் இது தொடர்கிறது.

வீட்டுக்காரர் வாடகைதாரரிடமிருந்து வீட்டை மீட்க வழக்குப் போடவும் பன்னிரண்டு வருஷம்தான் அவகாசம் என்று அதே காலவரையறைச் சட்டத்தில் வருகிறது. அந்தக் கணக்கு குடிவந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, குடித்தன உரிமை முடிவுக்கு வந்த நாளிலிருந்து ஓடுவது. மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் அது ஆரம்பிக்கவே இல்லை. இந்த இரண்டையும் யாரோ குழப்பி ஊருக்குள் விட்டிருக்கிறார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம், எதிரிடை அனுபவத்தால் உரிமை அடைந்தவர் வாதியாக வந்தும் வழக்குப் போடலாம் என்று ஒரு தீர்ப்பு சொன்னது. வாடகைதாரரைப் பற்றிய தீர்ப்பே இல்லை அது. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அது எப்படி வந்து சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள், அதில் இரண்டு பேர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள்!

தையல்காரர் மறுநாள் வந்தார். அவர் பாடு வேறு. டீக்கடையில் யாரோ, "வாடகையை நிறுத்து, ஸ்டே வாங்கு, பத்து வருஷம் இழு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரை உட்காரவைத்து விளக்க ஒரு மணி நேரம் ஆனது.

தமிழ்நாட்டில் 1960-இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வாடகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். விண்ணப்பிக்க அரசே இணையதளம் வைத்திருக்கிறது. பழைய குடித்தனக்காரர்களும் எழுத்துக்கு வரக் காலக்கெடு கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வீட்டுக்காரர் காலி செய்ய உத்தரவு கேட்கலாம்.

"உங்க கையில ஒப்பந்தம் இல்லை. சட்டப்படி போனா அந்த அம்மா பக்கமும் பலம் இருக்கு. வாடகையையும் நிறுத்தினீங்கன்னா நீங்களே அவங்களுக்கு இன்னொரு காரணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அந்த அம்மா பக்கம் துளியும் நியாயம் இல்லை. வாடகைத் தகராறு எதுவாக இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று புதுச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், திரும்பக் கொடுக்க அவர் உத்தரவிடலாம். அதேபோல் பூட்டை மாற்றிச் சாமானைத் தெருவில் வைப்பது. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே போகாமல், சுவாதீனத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். 1963 தனிப்பரிகாரச் சட்டம், 6ஆம் பிரிவு. ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். பேசித் தீர்க்கலாம் என்று பெரியவர்களை நம்பி அந்த ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. பேச்சு நடக்கட்டும், ஆனால் தேதி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

(கோயில் மனை, மடத்து மனையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எங்கள் ஊரில் அப்படி நிறையப் பேர். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

அன்று சாயங்காலமே அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். என்னை "வாத்தியார் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். காபி கொடுத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"நான் என்ன கெட்டவளா தம்பி? அந்தப் பொண்ணு பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுக்கறவ அவ ஆத்தாதான். ஆனா இந்த வீடு போயிடுச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு? பையன் தினமும் போன் பண்ணிக் கத்தறான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரர் என்றால் வசதிக்காரர் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இந்த 4,500 ரூபாயில்தான் அவருக்கு மாத்திரை வாங்கியாகிறது.

"அக்கா, மொதல்ல மோட்டாரைப் போடுங்க. மீதியை வக்கீல்கிட்டயே கேட்டுக்கலாம்" என்றேன். போட்டார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றார். கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் இலவசமாகவே பார்க்கலாம் என்றதும், "எனக்கு எப்படித் தருவாங்க? சொந்த வீடு இருக்கே" என்று சிரித்தார். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாதவர்கள் இந்த ஒரு வரியையாவது பக்கத்து வீட்டில் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். இளம் பெண் வக்கீல் ஒருவர், அவசரப்படாமல் கேட்டார். நான் முன்பே சொன்னதைத்தான் அவரும் சொன்னார். கறுப்புக் கோட்டு சொன்னதும் அந்த அம்மா நம்பினார், நான் சொன்னபோது முழுசாக நம்பவில்லை. பரவாயில்லை.

கடைசியில் அந்த அம்மா கேட்டார். "அப்ப அந்த நோட்டு? அதுல என் கையெழுத்து இருக்கே, அவங்களுக்குத்தானே அது சாட்சி? கிழிச்சுப் போடச் சொல்லி வாங்கிட்டு வான்னான் பையன்."

தையல்காரர் மனைவியிடமிருந்து வாங்கி நான் பையில் கொண்டு போயிருந்த நோட்டை வக்கீல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "அம்மா, பதினொரு வருஷமா மாசாமாசம் உங்களுக்கு வாடகை குடுத்தோம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. வாடகைன்னு எழுதினாலே வீடு உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டதுதானே? நாளைக்கே யாராவது எதிரிடை அனுபவம்னு வந்தா நீங்க காட்ட வேண்டிய முதல் காகிதம் இது. கிழிச்சீங்கன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்."

அந்த அம்மா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் பின்கட்டுக்குப் போய், விட்டுப்போன இரண்டு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

மார்கழியில் ஒப்பந்தம் எழுதினார்கள். பதினொரு மாதம் என்று போடலாமா என்று தையல்காரர் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால், அந்தச் செலவைத் தவிர்க்க நம் ஊரில் பழகிப்போன எண் அது. புதுச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய, பதினொரு மாதம் என்றாலும் விலக்கு இல்லை. அதனால் எண்ணில் பயன் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர்கள் பதினொன்றே போட்டார்கள், பழக்கம். வாடகை 5,500 ஆனது. தையல்காரருக்கு அது பாரம்தான், ஆனால் ஒத்துக்கொண்டார். மகன் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். தை பிறந்தது, பன்னிரண்டு வருஷம் முடிந்தது. வீடு அந்த அம்மாவுடையதாகவே இருக்கிறது. பெண் மார்ச்சில் பரீட்சை எழுதி, இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் முடியவில்லை. 2013-இல் அட்வான்ஸ் 20,000 ரூபாயை அந்த அம்மாவின் கணவர் கையில் கொடுத்ததாகத் தையல்காரர் சொல்கிறார். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. எழுத்தில் எதுவும் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் "அட்வான்ஸ் 20" என்று பென்சிலில் இருக்கிறது. கையெழுத்து இல்லை, அதற்குப் பின்னால் சைபர்களும் இல்லை. "அவர் எங்கிட்ட பத்துன்னுதான் சொன்னார்" என்கிறார் அந்த அம்மா. இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை என்பதுதான் சிக்கல். வேறுமாதிரி ஒத்துக்கொண்டு எழுதினாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்று புதுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கொடுத்தது எவ்வளவு என்று சட்டம் எப்படிச் சொல்லும்? அதனால் ஒப்பந்தத்தில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு, "முன்பணம் பின்னர் பேசி முடிவு செய்யப்படும்" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. வக்கீலுக்கும் பிடிக்கவில்லை.

பேசி முடியாவிட்டால் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே போனால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசம் எழுதிவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. பதினைந்தில் முடித்துக்கொள்ளலாம் என்று தையல்காரர் மனைவி சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மகன் சென்னையிலிருந்து வருகிறார், என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.