போய் வருகின்றேன்

பழைய மாணவன் ஒருவன்

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று பரவி வாழும் நாடுகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலம் வழங்கும் நாடுகள். அன்றேல் எம்மவர் திரளாகக் குடியேறிக் கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் அமைத்துக்கொண்ட நாடுகள். யப்பான் இவ்விரு வகையிலும் அடங்காதது. அங்கே ஆங்கிலத்தைத் துணைகொண்டு அலுவலகத்திற் காலந்தள்ளலாம். பிள்ளை வளர்க்க முடியாது. பொறியியற் தொழிலின் பொருட்டு 2012ஆம் ஆண்டில் தோக்கியோ நகருக்குச் சென்ற நான், அங்கு பிறந்த மக்கள் இருவரை வளர்த்து வருகின்றேன். மூத்தவள் ஆரம்பப் பாடசாலையில் ஆறாம் வகுப்பிலும், இளையவன் இரண்டாம் வகுப்பிலும் பயில்கின்றனர். அந்நாட்டின் மலைகளையும் விரைவுப் புகையிரதங்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். ஒரு சைவத் தமிழ்க் குடும்பத்தின் அன்றாட வாழ்வு அங்கே எவ்வாறு கழிகின்றது என்பதையே நான் இம்மலரிற் கூற விழைகின்றேன்.

யப்பானிற் கட்டாயக் கல்வி 9 ஆண்டுகள்: ஆரம்பப் பாடசாலையில் 6, அதன்மேல் நடுநிலைப் பாடசாலையில் 3. பிறநாட்டார் பிள்ளைகளை இக்கட்டாயம் பிணிப்பதில்லை. ஆயினும் பெற்றோர் விரும்பின் அரசினர் பாடசாலை அவர்களையும் கற்பித்தற் கட்டணமின்றி ஏற்றுக்கொள்ளும். சர்வதேசப் பாடசாலைகளின் கட்டணம் எம் போன்றோர்க்கு எட்டாதது. ஆகவே ஏப்பிரில் மாதத்திற் கல்வியாண்டு தொடங்கியபோது, எம் மகளும் அயல் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே கனத்த தோற்பையொன்றை முதுகிற் சுமந்து புறப்பட்டாள்.

அதற்கு முன்னர் எமக்கிருந்த வேலை கொஞ்சமன்று. பென்சில் ஒவ்வொன்றிலும், எண்ணிப் பழகும் சிறு குச்சி ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதப்பட வேண்டும். பழைய துவாயை மடித்துத் தைத்த துணியொன்றும் கொடுத்தனுப்ப வேண்டும். அது எதற்கென வினவியபோது, நிலந் துடைப்பதற்கு என்றார்கள். வகுப்பறையையும் நடைபாதையையும் பிள்ளைகளே கூட்டித் துடைக்கின்றனர். மதிய உணவை வெண்ணிற மேலாடையும் தொப்பியும் அணிந்த பிள்ளைகளே தம் தோழர்க்குப் பரிமாறுகின்றனர். ஆரம்பப் பாடசாலைக்குப் பிள்ளையை வாகனத்தில் ஏற்றிச் செல்லும் வழக்கமும் அங்கில்லை. ஆறு வயதுக் குழந்தைகளும் நடந்தே செல்கின்றனர். ஒழுக்கத்தைப் போதனையாற் புகட்டாது பழக்கத்தாற் படியச் செய்யும் இம்முறையை நான் மிகவும் மெச்சுகின்றேன்.

சைவ உணவு பற்றிய சிக்கல் வேறு வகையானது. அந்நாட்டுச் சமையலில் மரக்கறிகூடப் பெரும்பாலும் மீன்சாற்றிலேயே வேகின்றது. எம்மூர் மாசிக் கருவாட்டை ஒத்த உலர்மீனைச் சீவி எடுக்கும் சாறு அது. பூசணிக்காயிலும் இருக்கும், கீரையிலும் இருக்கும். நல்வாய்ப்பாகப் பாடசாலை ஒவ்வொரு மாதமும் உணவு அட்டவணையைச் சேர்பொருள்களோடு முன்னரே அனுப்பிவிடுகின்றது. என் மனைவி பென்சிலும் கையுமாக அமர்ந்து, உண்ணக்கூடியவற்றிற்கு வட்டமிடுவாள். மற்றைய நாள்களிற் புட்டோ, எலுமிச்சஞ் சோறோ பெட்டியிற் செல்லும். ஒருமுறை ஆசிரியை, பெற்றோர்க்கு நாடோறும் எழுதியனுப்பும் குறிப்பேட்டில், “மீனும் இறைச்சியும் தான் ஏன் உண்பதில்லையென்று உங்கள் மகள் இன்று வகுப்பிற்கு எடுத்துரைத்தாள், எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தனர்” என்று வரைந்திருந்தார். எமக்கு மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் அவள் என்ன கூறினாளென்று தமிழிற் சொல்லுமாறு கேட்டபோது, பாதி வழியிலே சொற்கள் அகப்படாது நின்றுவிட்டாள்.

என் உள்ளத்தில் உறுத்துவது இதுவே. ஆரம்பப் பாடசாலையின் 6 ஆண்டுகளுள் ஒரு பிள்ளை கற்க வேண்டிய சீன வழி வந்த எழுத்துக்கள் 1,026. அவற்றின் பெயர் எம் செவிக்குக் ‘கஞ்சி’ என்றே ஒலிக்கும். ஆனால் எம்மூர்க் கஞ்சியைப் போல எளிதில் இறங்குவதன்று. முதல் வகுப்பிலேயே 80 எழுத்துக்களைக் கற்ற மகள், மூன்றாம் வகுப்பில் என்னைக் கடந்துவிட்டாள். பாடசாலைக் கடிதங்களை இன்று அவளே எமக்கு வாசித்துப் பொருள் கூறுகின்றாள். வைத்தியரிடம் தாய்க்காகப் பேசுகின்றாள். பெற்றோரைக் கைப்பிடித்து நடத்தும் பிள்ளை விரைவிலே பெரியவளாகிவிடுகின்றது. அதேவேளை ஞாயிறுதோறும் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியிற் பேசும் என் தாயாரின் முன்னே அவள் ஐந்து வயதுக் குழந்தையாகிவிடுகின்றாள். “சுகமா, அப்பம்மா?” என்பதற்குமேல் உரையாடல் நீளுவதில்லை.

வீட்டினுள்ளே தமிழ் தவிர வேறு மொழி கூடாதென்று விதி செய்யுமாறு நண்பர் சிலர் அறிவுறுத்தினர். யப்பானிய வீடுகளில் வாயிலை அடுத்துச் செருப்புக் கழற்றும் தாழ்ந்த இடமொன்று உண்டு. செருப்போடு மொழியையும் அங்கே கழற்றிவிடலாமென்பது அவர் கருத்து. இதனை மகளிடம் கூறியபோது அவள் சற்று யோசித்து, “தமிழிலேதான் சொல்ல வேண்டுமென்றால், பாடசாலையில் நடப்பதை நான் சொல்லாமலே இருந்துவிடுவேன், அப்பா” என்றாள். அச்சொல்லில் முரட்டுத்தனம் இல்லை, உண்மையே இருந்தது. மொழியைக் காக்கப் போய்ப் பிள்ளையின் மனக்கதவை அடைத்துவிட எப்பெற்றோர் துணிவர்? ஆகவே எமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். அவள் தன் மொழியிற் சொல்லலாம். நாம் தமிழில் விடையிறுப்போம். இரவில் அரைமணி நேரம் தமிழ் வாசிப்பு. ஞாயிறன்று அப்பம்மாவோடு தமிழ் மாத்திரம்.

இம்முயற்சியில் எமக்கு எதிர்பாராத துணையாய் வந்தது யப்பானிய மொழியே. அதன் ‘ஹிரகானா’ எழுத்துக்கள் அ, இ, உ, எ, ஒ என்றே தொடங்குகின்றன. மெய்களின் வரிசையும் க, ச, த, ந என்று எம் நெடுங்கணக்கின் போக்கிலேயே செல்கின்றது. வடமொழி எழுத்து முறையைக் கற்ற பௌத்த துறவியர் வாயிலாக அவ்வரிசை அங்கு அமைந்தது. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருதலும் இரு மொழிக்கும் பொது. பேராசிரியர் சுசுமு ஓனோ, எம் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து இவ்விரு மொழிகளின் உறவை ஆராய்ந்தவர். மொழியியலாளருட் பெரும்பாலோர் அவரது கொள்கையை ஏற்கவில்லை. அவ்வழக்கிற் தீர்ப்புக் கூற நான் வல்லேனல்லேன். ஆனால் சொல்லுக்குச் சொல் நேர்வைத்துக் கற்பிக்க ஒரு தந்தைக்கு அவ்வொற்றுமைகளே போதுமானவை. தமையனையும் தமக்கையையும் பெயர் கூறி அழையாது முறை கூறி அழைப்பதும், வழியிற் காணும் முதியவரைத் தாத்தா என்பதும் அங்கும் வழக்கம். அதனால் ‘அக்கா’ என்ற சொல்லை என் மகனுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒற்றுமைகளுட் சிறந்ததொன்றை மகளே கண்டுபிடித்தாள். அந்நாட்டார் வீட்டை விட்டுப் புறப்படுகையில் ‘இத்தே கிமாஸ்’ என்பர். ‘இத்தே’ என்றாற் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகின்றேன். ‘போகின்றேன்’ என்று சொல்லிப் படியிறங்குவது எம் வீடுகளில் ஆகாது. அவர்களும் அவ்வாறே திரும்பி வருதலையும் சேர்த்தே விடை பெறுகின்றனர். இதைக் கண்ட மகிழ்ச்சியில் அவள் அந்த ஞாயிறன்று தொலைபேசியில், “அப்பம்மா, நான் போய் வருகின்றேன்” என்றாள். மறுமுனையிற் சிறிது நேரம் ஒலியில்லை. பின்பு, “எப்ப பிள்ளை வருவாய்?” என்று என் தாயார் கேட்டார்.

அவ்வினாவிற்கு எம்மிடம் இன்னும் விடையில்லை. வருகின்ற ஏப்பிரிலில் மகள் நடுநிலைப் பாடசாலை புகுவாள்; மூன்றாண்டில் உயர்நிலைப் பாடசாலைக்கான நுழைவுப் பரீட்சை வரும். அதன்பின் அவளை ஊருக்கு அழைத்து வந்தாற் பிறந்த நாட்டைப் பிரிந்தவளாவாள். அழையாதுவிட்டால் அப்பம்மாவின் நாட்டை அறியாதவளாவாள். இவ்விரண்டுள் எதைத் தெரிந்தாலும் இழப்பு உண்டென்பதை நானும் என் மனைவியும் அறிவோம்.

இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். நாம் தமிழ் கற்றபோது எம் பெற்றோர் தனியே பாடுபடவில்லை. தெருவும் சந்தையும் கோயில் வீதியும் கற்பித்தன. எஞ்சியதைக் கல்லூரி செய்தது. எம் ஆசான்மார் பிழை திருத்திய கொப்பிகளின் அருமை, அவை அனைத்தின் இடத்தையும் பெற்றோர் இருவர் மாத்திரமே நிரப்ப வேண்டிய நாட்டிற்றான் விளங்குகின்றது. சென்ற விசயதசமியன்று தட்டிற் பரப்பிய பச்சையரிசியில் என் மகன் அகரம் எழுதினான். ஏடு தொடக்கிய ஆண்டிற்போலத் தம்பியின் விரலைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவன் அக்கா என்னை முந்திக்கொண்டாள்.