ஏலத்துக்கு வந்த வீடு

வாத்தியார் ஓய்வு பெற்றால் கையில் பணம் இருக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வந்தான். வங்கி ஏலத்தில் வீடு எடுத்து, டைல்ஸ் மாற்றி, பெயின்ட் அடித்து, ஆறு மாதத்தில் விற்பது அவன் தொழில். கூட்டுச் சேரச் சொன்னான். சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீடு, லேத் பட்டறைக் கடனுக்கு அடமானம் வைத்தது.

"இப்பப் போகக் கூடாதுங்க சார். ஆரும் கேக்கலைன்னா பேங்கே வெலைய எறக்கும். அப்பப் போலாமுங்க."

சட்டப்படி சரிதான். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில், வங்கி குறித்த விலைக்குக் கீழே கடன் வாங்கியவர் சம்மதமில்லாமல் விற்க முடியாது. அதனால் இங்கே யாரும் அடிமாட்டு விலைக்குக் கேட்பதில்லை, கேட்காமலே உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு வேண்டும், மறு ஏலத்துக்கு 15 நாள் போதும். எடுத்தவர் கால்வாசிப் பணத்தை மறு வேலைநாளுக்குள்ளும் மீதியைப் பொதுவாக 15 நாளிலும் கட்ட வேண்டும். என் பணம் தேவைப்பட்டது அதற்குத்தான்.

"எறங்குற அஞ்சு லட்சம் ஆரு காசுப்பா?" என்றேன்.

"பேங்க் காசுங்க சார்."

அவனுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவன் நான். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கடன் 30 லட்சம், வீடு 45-க்குப் போனால், செலவு போக மிச்சம் வீட்டுக்காரருக்கு. 40-க்குப் போனால் குறைகிற ஐந்தும் அவருடையதுதான். 25-க்குப் போனால் வீடும் போய், பாக்கிக் கடனும் அவர் தலையில் நிற்கும். வங்கி அதற்குத் தனியாக வழக்குப் போடலாம்.

"நான் எடுக்காட்டி வேறொருத்தன் எடுப்பானுங்க சார்." அதுவும் நிஜம்தான். காபி குடித்துவிட்டுப் போனான். பணம் நான் கொடுக்கவில்லை.

60 நாள் நோட்டீஸ் வந்த வீட்டார் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சொந்தக்காரர்களிடம் மறைக்காதீர்கள். நம் ஊரில் கௌரவம் பார்த்தே நாள் கழிந்துவிடுகிறது. முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு முடிகிறது. அதற்குள் வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்கி, நீங்களே ஆள் பார்த்து நியாய விலைக்கு விற்கலாம். வங்கி நடைமுறையில் தவறு செய்திருந்தால், கையகப்படுத்திய 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அது கோவையிலேயே இருக்கிறது.