கொக்கியின் எடைக் கணக்கு

வண்டி வாங்குவோர் எஞ்சினின் வலிமையைக் கேட்கின்றனர்; சக்கரத்தைத் தட்டிப் பார்க்கின்றனர்; பூசிய வண்ணத்தையும் மெச்சுகின்றனர். முன்வண்டியையும் பின்வண்டியையும் பிணைக்கும் கொக்கியைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் பின்வண்டியின் பாரம் முழுவதையும் இழுத்து நிற்பது அந்தக் கையகல இரும்புதான்.

நாம் தமிழகத்து ரயில் நிலையம் ஒன்றில் சரக்குக் குமாஸ்தாவாகப் பணிபுரிகிறோம். எம் தமையனார் வட அந்தமானில் உள்ள திக்லிபூரில் குடியேறி நெல்லும் பாக்கும் பயிரிட்டு வருகிறார். சென்ற மார்கழியில் விடுப்புப் பெற்று அவரைக் காணச் சென்றோம். சென்னையிலிருந்து கப்பற் பயணம். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து ஒரு பகல் முழுதும் சாலைப் பயணம். அந்நகரையும் திக்லிபூரையும் இணைக்க 240 கிலோமீட்டர் நீள ரயில் பாதை அமைக்கும் திட்டம் 2017ஆம் ஆண்டில் பேசப்பட்டது. தீவில் இன்றளவும் ரயில் ஓடவில்லை. ஆகவே ரயில்வே குமாஸ்தாவுக்கு அங்கு வேலை ஏதும் இராது என்றே எண்ணியிருந்தோம்.

தீவுக் கூட்டத்திலேயே உயர்ந்த மலையாகிய சேடில் பீக், 732 மீட்டர் உயரத்துடன் திக்லிபூர்ப் பகுதியில்தான் நிற்கிறது. சாலைகளில் ஏற்றமும் இறக்கமும் மிகுதி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இடமாதலால் வயற்பாதைகள் ஆண்டில் பெரும்பகுதி சேறாகவே கிடக்கும். அத்தகைய ஊரில் நெல்லும் தேங்காயும் களத்திலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் டிராக்டரின் பின்னே பூட்டிய டிரெய்லரில்தான்.

தமையனார் கடன் பெற்று, ஒருவர் ஓட்டிக் கழித்த இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தார். அதனுடன் வந்த கொக்கியில் 5,000 கிலோ எனப் பொறித்திருந்தது. அறுவடையான நெல் 75 கிலோ மூட்டைகளாக 60 மூட்டை. வானம் கறுத்திருந்ததால் ஒரே நடையில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“தம்பி, நெல் நான்கரை டன், கொக்கி ஐந்து டன். இன்னும் அரை டன் மிச்சம் இருக்கிறதே!” என்று அவர் மகிழ்ந்து கூறினார்.

சரக்கு அலுவலகத்தில் பழகிய கண் இவ்விடத்தில்தான் உறுத்தியது. ரயில் வாகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று வெறும் வாகனின் எடை. மற்றொன்று அது ஏற்றக்கூடிய சரக்கின் எடை. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வாகனை எடுத்துக்கொள்வோம். வெறும் எடை ஏறத்தாழ 22.5 டன், சரக்கு 58.8 டன், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 81.3 டன். அத்தகைய 58 வாகன்களைக் கோத்தால் 4,700 டன்னுக்கு மேலாகிறது. எஞ்சினை அடுத்த முதல் கப்ளிங் சரக்கை மட்டும் இழுப்பதில்லை. சரக்கையும் வாகன்களையும் சேர்த்தே இழுக்கிறது.

“அண்ணா, டிரெய்லரின் சொந்த எடை எவ்வளவு?” என்று வினவினோம்.

பதிவுத்தாளை எடுத்துப் பார்த்தார். 1,600 கிலோ என்றிருந்தது. நெல்லுடன் கூட்டினால் 6,100 கிலோ. கொக்கியின் அளவை 1,100 கிலோ மீறிவிட்டது. மிச்சம் என்று கருதியது பற்றாக்குறையாக முடிந்தது.

தமையனார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “முன்பு வைத்திருந்தவர் இப்படித்தானே ஓட்டினார்? அறுந்து போகவில்லையே!” என்றார். வண்டியுடைய பலரும் கூறும் சொல்லே இது. ஆனால் இரும்புக்கும் களைப்பு உண்டு. வண்டி புறப்படும்போதும், பிரேக் போடும்போதும், குழியில் இறங்கி ஏறும்போதும் கொக்கி வெறும் எடையைவிட மிகுந்த உலுக்கலைப் பெறுகிறது. பல்லாயிரம் உலுக்கல்களுக்குப் பின் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றி, பூச்சுக்கும் துருவுக்கும் அடியில் மறைந்து வளர்கிறது. நேற்று அறாதது இன்றைய உறுதிக்குச் சான்றாகாது. வலியறிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும், அளவு மீறிய பாரத்துக்கு வண்டியின் அச்சைத்தானே எடுத்துக்காட்டினார்!

கொக்கியின் எண் மட்டும் போதாது என்பதையும் அன்றே கண்டோம். கொக்கியில் செருகியிருந்த ஆணி, கட்டடக் கம்பியை அறுத்து யாரோ செய்த துண்டு. அதில் எந்த எண்ணும் இல்லை. கொக்கியை டிராக்டருடன் பிணைத்த போல்ட்டுகளில் இரண்டின் தலையில் 8.8 என்றும், இரண்டின் தலையில் 4.6 என்றும் பொறித்திருந்தன. 8.8 போல்ட்டின் இரும்பு, 4.6 போல்ட்டின் இரும்பைப் போல் இருமடங்கு இழுவிசையைத் தாங்கவல்லது. டிராக்டர், கொக்கி, ஆணி, போல்ட், டிரெய்லரின் வளையம் ஆகிய ஐந்தில் எது மிக மெலிந்ததோ, அதன் அளவே முழு இணைப்பின் அளவாகும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் மற்றொரு கணக்கும் உண்டு. பாரத்தின் ஒரு பகுதி கொக்கியின்மேல் கீழ்நோக்கி அமர்கிறது. மூட்டைகளை முன்புறமே அடுக்கினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங் பிடி தவறும். பின்புறமே அடுக்கினால் கொக்கி மேலே தூக்கப்பட்டு, இழுக்கும் சக்கரங்கள் சேற்றில் வழுக்கும். கொக்கியைப் பின்னச்சுக்கு மேலே உயரத்தில் பூட்டுவது அனைத்திலும் கொடிது. ஏற்றத்தில் டிராக்டர் முன்புறம் தூக்கி, ஓட்டுபவர்மேல் மல்லாந்து விழக்கூடும்.

வட அமெரிக்காவில் வாழும் நம்மவர் சிலர் விடுமுறைக்கு வீட்டுவண்டி இழுத்துச் செல்கின்றனர். அவர்களுக்கும் கணக்கு இதுவே. அங்கு ஐந்தாம் சக்கரம் எனப்படும் இணைப்பு, பின்வண்டியின் கழுத்தை இழுக்கும் வண்டியின் பின்னச்சுக்கு மேலேயே ஏந்திக்கொள்கிறது. குதிரை வண்டிகளின் முன்னச்சின்மேல் படுக்கையாகக் கிடந்து திரும்பிய வட்டமே அப்பெயருக்கு மூலம். அத்தகைய வீட்டுவண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை இணைப்பின்மேல் அமரும். எனவே இழுக்கும் எடை, தாங்கும் எடை என இரண்டு அளவுகளையும் பார்த்தல் வேண்டும். தண்ணீர், எரிவாயு, பாத்திரம், துணிமணி எல்லாம் ஏற்றிய பின்னுள்ள எடையையே கணக்கில் கொள்ளல் வேண்டும். விற்பனைத்தாளில் கண்ட வெறும் எடையை அன்று.

இத்தனையும் பார்த்த பின்னும் கொக்கி விடுபடலாம் என்று எண்ணி வைப்பதே அறிவுடைமை. இதனை ரயில்வே உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1889ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகரை அடுத்து, உல்லாசப் பயண ரயில் ஒன்று ஏற்றத்தில் நின்றுவிட்டது. பாதி வண்டியை முன்னே கொண்டு செல்லக் கருதி, பின்பாதியைக் கழற்றிவிட்டனர். கைப்பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கற்களும் அதனை நிறுத்தவில்லை. பின்னோக்கி உருண்டு, தொடர்ந்து வந்த ரயிலில் மோதியது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவருள் குழந்தைகள் பலர். அதே ஆண்டில், வண்டி பிரிந்தால் தானே பிடிக்கும் பிரேக்கைப் பயணி ரயில்கள் அனைத்திலும் கட்டாயமாக்கி அந்நாட்டுச் சட்டம் வந்தது. இன்று நம் ரயில்களிலும் கப்ளிங் அறுந்தால் காற்றுக் குழாய் பிரியும். குழாய் பிரிந்தால் பிரேக் தானே பிடிக்கும். மேலைநாட்டு வீட்டுவண்டியிலும், கொக்கி விட்டதும் கம்பி இழுபட்டுப் பின்வண்டியின் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. தமையனாரின் டிரெய்லரில் அத்தகைய ஏற்பாடு ஒன்றுமில்லை. காப்புச் சங்கிலிகூட இல்லை.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணியார், “பொங்கலன்று காலிபூர்க் கடற்கரைக்குப் பிள்ளைகள் எல்லோரும் இதில்தானே போவதாக இருந்தார்கள்?” என்றார். எவரும் விடை கூறவில்லை. சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் ஒப்புவதில்லை. பஸ் அரிதான ஊர்களில் ஏற்றாதவரும் இல்லை.

தமையனார் முடிவு செய்தார். தகுந்த ஆணியும் போல்ட்டுகளும் சங்கிலியும் தலைநகரிலிருந்து வரும் வரையில் வண்டி நின்றது. வந்த பின் 40 மூட்டை மட்டுமே ஏற்றினார். நெல் 3,000, டிரெய்லர் 1,600. ஆக 4,600 கிலோ. எஞ்சிய 20 மூட்டை மறுநாளைக்கு நின்றது. அன்றிரவு மழை பெய்து, அவற்றுள் ஆறு மூட்டை நனைந்தன. கடன் தவணை நினைவில் நிற்க, தமையனார் முகம் வாடி அமர்ந்திருந்தார்.

அண்ணியார் முற்றத்தில் பாயை விரித்தபடி, “நனைந்த நெல்லை உலர்த்திக்கொள்ளலாம்” என்றார். வேறொன்றும் கூறவில்லை. பொங்கலன்று பிள்ளைகள் கடற்கரைக்கு வாடகை ஜீப்பில் சென்றனர்.

வண்டி பூட்டும் அன்பர்கள் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்வார்களாக. சரக்கும் பின்வண்டியும் சேர்ந்து மொத்த எடை எவ்வளவு? பிணைக்கும் உறுப்புகளில் மிக மெலிந்தது எது, அதன் அளவு என்ன? கொக்கியின்மேல் அமரும் பாரமும் அதன் உயரமும் சரியா? கொக்கி விட்டால் வண்டியைப் பிடிப்பது எது? நான்காவது கேள்விக்கு விடை எழுதும்வரை வண்டியை நகர்த்தாதிருத்தல் நலம்.