பூவுக்கு முன்னால் பூச்சு

கேக் அலங்காரம் பழக வருகிறவர்களுக்கு முதல் கண் நாசில் டப்பாவின் மேல்தான். மதுரையில் நான் போய்ப் பார்த்த பேக்கரியின் பின்கட்டில், மாஸ்டர் அந்த டப்பாவைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் பாடத்தையே தொடங்கினார். கடையில் கூட்டம் ஓய்ந்திருக்கும் மதிய நேரம். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்க நினைக்கும் மூன்று பெண்களும், அதே கடையில் பப்ஸுக்கு மாவு மடிக்கும் ஒரு பையனும் வந்திருந்தார்கள்.

"பூவெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்மா. மொதல்ல செவுத்தப் பூசப் பழகுங்க" என்றார்.

செவுரு என்று அவர் சொன்னது கேக்கின் பக்கவாட்டை. முந்தின நாளே சுட்டு ஆறவைத்த ஸ்பாஞ்ச் எதிரில் இருந்தது. சூடு மிச்சமிருந்தால் வெட்டும்போது உதிரும், மேலே தடவும் க்ரீமும் இளகிவிடும். மேட்டை ரொட்டிக் கத்தியால் சீவினார். பிறகு கத்தியை உள்ளே செலுத்தாமல், கேக் இருந்த சுழல் டேபிளைச் சுழற்றிச் சுற்றிலும் ஒரு கோடு மட்டும் கீறிக்கொண்டார். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கத்தி உள்ளே போனபோது அடுக்குகள் கோணாமல் பிரிந்தன. தகரத்தில் ஒட்டியிருந்த அடிப்பக்கத்தைக் கவிழ்த்து உச்சியில் வைக்கச் சொன்னார். அதுதான் சமமாக இருக்கும், விளிம்பும் கூராக நிற்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் சர்க்கரைப் பாகு, அதிலும் ஓரங்களுக்குத் தாராளமாக. காய்வது முதலில் ஓரம்தான்.

அடுத்தது க்ரீம். புதிதாகப் பழகுகிறவர்கள் மனம் உடைவது இங்கேதான். அவர்களிடம் குறையில்லை, பொருளையும் வெயிலையும் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பெண் வீட்டில் கடையில் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் க்ரீமை வாங்கி அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார், எழும்பவே இல்லையாம். எழும்பாது. அதில் கொழுப்பு 25 சதவீதம்தான். பால் க்ரீம் காற்றைப் பிடித்து நிற்க வேண்டுமானால் 30 சதவீதமாவது வேண்டும். அப்படியே எழும்பினாலும் நம் ஊர் வெக்கையில் நெடுநேரம் தாங்காது. பேக்கரிகள் பெரும்பாலும் பாம் கெர்னல் எண்ணெயில் செய்த பாக்கெட் க்ரீமுக்குப் போனதற்கு விலை மட்டும் காரணமல்ல.

அந்தப் பாக்கெட் மைனஸ் 18 டிகிரியில் கல்லாக உறைந்திருப்பது. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். அங்கங்கே பனித்துகள் மிச்சமிருக்கும்போதே அடிக்க வேண்டும். மாஸ்டர் பீட்டரை நிறுத்திக் கம்பியைத் தூக்கிக் காட்டினார். நுனி எழுந்து, லேசாகத் தலை சாய்ந்து நின்றது. பூசுவதற்கு இந்தப் பதம். பூப் போட இன்னும் சில நொடிகள் போதும். அதையும் தாண்டினால் ரவை ரவையாகத் திரிந்துபோகும். திரிந்ததைக் கொட்டத் தேவையில்லை. அடிக்காத க்ரீமில் கொஞ்சம் ஊற்றிக் கரண்டியால் மெல்லக் கலந்தால் திரும்பிவிடுகிறது. இதை நேரில் பார்த்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த நிம்மதியை நான் கவனித்தேன்.

பூசுவது இரண்டு தடவை. முதல் பூச்சு மெல்லியது, துகள்களைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டும். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகிய பிறகுதான் இரண்டாவது. பேலட் கத்தியைக் கொத்தனார் கரண்டி பிடிப்பதுபோல் பிடிக்கிறார் மாஸ்டர், ஆள்காட்டி விரல் தகட்டின் முதுகில். கத்தி செங்குத்தாக, அடி நுனி டேபிளைத் தொட்டபடி. வலது கை அசையவே இல்லை. இடது கை டேபிளைச் சுழற்ற, சுவர் தானாக வந்து கத்தியில் உரசிப் போகிறது. பழகுகிறவர்கள் எல்லோரும் கத்தியை நகர்த்துகிறார்கள், கேக் அப்படியே இருக்கிறது. பப்ஸ் மடிக்கும் பையனுக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது. "தம்பி தெனமும் மாவு தேய்க்கிறவன், கை அமுக்காது" என்றார் மாஸ்டர். சுவருக்கு மேல் எழுந்து நிற்கும் க்ரீமை, வெளியிலிருந்து உள்நோக்கிச் சின்னச் சின்ன இழுப்பாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். அந்தத் துணிதான் இந்தத் தொழிலின் பாதி என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகுதான் டப்பா கீழே இறங்கியது. தொடங்குகிறவர்களுக்கு ஒரு நட்சத்திர நாசில் போதும் என்பது அவர் கருத்து. 1எம் என்ற நட்சத்திர நாசில் ஒன்றை வைத்தே ரோஜாச் சுழி, சிப்பி, நட்சத்திரம் மூன்றையும் போட்டுக் காட்டினார். பையில் பாதிதான் நிரப்ப வேண்டும். நிறைய இருந்தால் கைச்சூட்டில் உருகும். சிப்பிக்கு அமுக்கு, விடு, இழு. சுழிக்கு நடுவில் தொடங்கிச் சுற்று. அமுக்குவதை நிறுத்திய பிறகுதான் கையைத் தூக்கலாம், இல்லையென்றால் வால் நீளும். பழகுவதற்குக் கேக்கே வேண்டாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, வழித்து, அதே க்ரீமை மறுபடி பையில் நிரப்பிக்கொள்ளலாம்.

பெயர் எழுதுவது தனி வித்தை. பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டிச் சுருட்டிய கோன், உள்ளே உருக்கிய சாக்லேட். நுனி கேக்கைத் தொடுவதே இல்லை. சற்று மேலே பிடித்து நூல்போல விழவிட்டு, விழும் நூலை நடத்திக்கொண்டு போகிறார். பல பேர் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறார்கள். தமிழில் கேட்பவர்களுக்கு அவர் முதலில் பல்குச்சியால் இடம் குறித்துக்கொள்கிறார். பெயர் முதலில், வாழ்த்து அதன் பிறகு. வாழ்த்தில் தொடங்கினால் பெயருக்கு இடம் இருக்காது. எழுதி முடித்து, ஒரே மூச்சில் புள்ளிகளை வைத்தார். அந்த 'ழ்' இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது பெண்பிள்ளைகள் இதய வடிவத்தில், சுற்றிலும் சிப்பியும் தோரணமுமாக 'வின்டேஜ்' கேக் கேட்கிறார்களாம். ஜோசப் லாம்பெத் 1934இல் வெளியிட்ட புத்தகத்தால் பேர் பெற்ற பாணி அது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பைப்பிங் செய்வது. மாஸ்டர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டால்டாவும் ஐசிங் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த க்ரீமில் அவர் போட்டதெல்லாம் இதே சிப்பிதான். நடுவில் பழசு என்று ஒதுக்கினார்கள், இன்று அதற்கே கூடுதல் காசு கொடுக்கிறார்கள். அவர் கை மறக்கவில்லை.

சிவப்பும் கறுப்பும் கேட்கிறவர்களிடம் மட்டும் அவர் பேசிப் பார்க்கிறார். அந்த நிறங்கள் அடர்த்தியாக வர நிறைய கலர் தேவைப்படும், நாக்கில் கசக்கும். 2024 அக்டோபரில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 12இல் கலர் ஆபத்தான அளவில் இருப்பதாகச் சொன்ன செய்தியை நான் நினைவுபடுத்தினேன். "லேசாக் கலந்து ராத்திரி வச்சிட்டா காலைல தானா ஏறும். அதுக்கு நேரம் குடுக்கணும்ல, சாயங்காலம் வந்து ஏழு மணிக்குக் கேட்டா?" என்றார். நியாயமான கேள்வி. கேக் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேரத்தைப் பற்றிய பேச்சு கூலியில் வந்து நின்றது. கேக் கிலோக் கணக்கில் விற்கிறது. அரை மணியில் பூசிய கேக்கும், பாதி நாள் குனிந்து நின்று பூப் போட்ட கேக்கும் பல கடைகளில் ஏறக்குறைய ஒரே விலைதான். டிசம்பரில் நின்றபடியே வேலை பார்த்து மணிக்கட்டும் தோளும் கடுத்துப்போவதற்கு எந்தப் பில்லிலும் வரியில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழக வந்த மூன்று பெண்களில் ஒருவர் செலவு எழுதிவைத்த நோட்டைக் காட்டி, என்ன விலை சொல்லலாம் என்று கேட்டார். மைதா, முட்டை, க்ரீம், அட்டை, பெட்டி, கரண்டு என்று பைசா பிசகாமல் எழுதியிருந்தார். மாஸ்டர் வாங்கிப் படித்தார்.

"எல்லாம் இருக்கு. ஒங்க கைக்கு எங்கம்மா கணக்கு?"

பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே 'கை வேலை, 2 மணி நேரம்' என்று எழுதி, தொகையை அவர்களையே போடச் சொன்னார். எவ்வளவு போடலாம் என்று மூவரும் பேசத் தொடங்கினார்கள். ஒரு ஜாக்கெட் தைக்க டெய்லர் என்ன வாங்குகிறார் என்பதிலிருந்து ஆரம்பித்தது அந்தப் பேச்சு.