ஏழு நத்தைகளும் ஒரு ரிட்டையர்டு ஃபிட்டரும்

பெரம்பூரில் அந்த வீட்டு ஹாலில், டி.வி-க்கும் பூஜை அலமாரிக்கும் நடுவில் 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே கடல்நீர், செயற்கைப் பாறை, வெள்ளை மணல். கூடவே இரண்டு க்ளவுன் மீன்கள். 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வருமே, அதே ஆரஞ்சும் வெள்ளையும்தான். தொட்டிக்குச் சொந்தக்காரனான மகன், வேலை கிடைத்து ஜூன் மாதம் துபாய்க்குக் கிளம்பிவிட்டான். தொட்டி அப்பாவின் தலையில் விழுந்தது.

அவர் ஐ.சி.எஃப்-பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகன் இந்தத் தொட்டியை வாங்கிய நாளில் வீட்டில் பெரிய சண்டை. "இந்தக் காசுக்கு வருஷம் பூரா வஞ்சிரம் வாங்கித் தின்னலாம்" என்று கத்தினார். ஒரு வாரம் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவே இல்லை. ஊருக்குப் போகும்போது மகன் நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தான். அதை வாங்கி, கரன்ட் பில்லோடு சேர்த்து டிராயரில் போட்டார்.

பத்து நாள்தான். அதற்குப் பிறகு காலை காபி தொட்டிக்கு முன்னால் என்றாகிவிட்டது. இவர் தலை தெரிந்தால் இரண்டு மீனும் கண்ணாடிக்கு ஓடி வரும். "பாவம், பசிக்குது போல" என்று ஒரு சிட்டிகை போடுவார். மீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும், மீனுக்கு எப்போதும் பசிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று குறிப்பில் இருந்தது. இவர் நான்கு வேளை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வரும். முன்பெல்லாம் "சாப்ட்டியா, வேலை எப்படிப் போகுது" என்று கேட்டுவிட்டு போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார். இப்போது போன் அவர் கையிலேயே இருந்தது. மீன் எப்படித் தின்றது, எது எதைத் துரத்தியது என்று அரைமணி நேரம் பேச்சு ஓடியது.

ஆகஸ்ட்டில் மணல்மேல் பழுப்பாகத் தூள் படிந்தது. அடுத்து பாறையில் பச்சையாக ஏதோ முளைத்தது. இரண்டே வாரத்தில் அது தேங்காய் நார் மாதிரி நீண்டு, தண்ணீர் ஓட்டத்தில் ஆடத் தொடங்கியது. "என்னங்க, பாறைக்கு முடி முளைச்சிருக்கு" என்றார் மனைவி. அந்த ஞாயிறு, போன் கேமராவை நல்லா இருக்கிற பக்கம் மட்டும் காட்டினார் அவர்.

மறுநாள் கொளத்தூருக்கு பஸ் ஏறினார். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம் அது; கடை கடையாக ஏறி இறங்கலாம். "பாசி தின்ற மாதிரி ஏதாவது குடுப்பா" என்று ஒரு கடையில் கேட்டார். கடைப் பையன் உற்சாகமாகிவிட்டான். "கிளீனிங் டீம் ஒண்ணு போட்டுத் தர்றேன் அங்கிள். 15 நத்தை, 5 ஹெர்மிட் நண்டு, மணலைக் கிளற ஒரு நட்சத்திர மீன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணும்னா கடல் அட்டையும் ஒண்ணு இருக்கு. மணலைத் தின்னு சுத்தம் பண்ணிடும்."

மனைவிக்கு ஊர் தொண்டிப் பக்கம். கடல் அட்டையோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தியைப் பேப்பரில் படிக்காத மாதமே அந்த வீட்டில் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் கடல் அட்டையும் இருக்கிறது. பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். பவளப்பாறையும் கடல் குதிரையும் அதே பட்டியல்தான். சில சங்கு இனங்களும் அட்டவணைகளில் வருவதால், நத்தையைக்கூட என்ன இனம் என்று கேட்டு வாங்குவதே நல்லது. "ரிட்டையர் ஆனப்புறம் ஸ்டேஷனுக்கு அலையணுமா" என்று அதை மறுத்துவிட்டார். நட்சத்திர மீன் விலை அதிகமாக இருந்ததால் தப்பித்தது. 10 நத்தையும் 4 நண்டும் பாலிதீன் பையில் வீட்டுக்கு வந்தன.

பையைச் சிறிது நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, உள்ளே கவிழ்த்தார். மறுநாள் காலை கண்ணாடியில் ஒரு நத்தைகூட ஏறவில்லை. எல்லாம் மணலில் மல்லாந்து கிடந்தன. சாயங்காலம் நாற்றம் வந்தது. சின்னத் தொட்டியில் பத்து உடல் அழுகினால் அம்மோனியா ஏறும். மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரவு பதினொரு மணிக்கு உப்பைக் கரைத்து, பாதித் தண்ணீரை மாற்றினார். மீன் பிழைத்தது. நண்டு நான்கும் இரண்டு நாளில் போய்விட்டன.

செத்த நத்தைகளை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகக் கடைக்குப் போனார். பையன் இல்லை. கல்லாவில் வயதான முதலாளி இருந்தார். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மீன் பொழச்சு, நத்தையும் நண்டும் மட்டும் செத்துச்சா? தொட்டியில மருந்து ஏதாவது ஊத்துனீங்களா சார்?"

"இல்லையே."

"யோசிச்சுச் சொல்லுங்க. நீலக் கலர்ல?"

ஊற்றியிருந்தார். ஜூலையில் மீன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்தபோது, பக்கத்துத் தெரு கடையில் ஒரு பாட்டில் வாங்கி, ஐந்து நாள் ஊற்றினார். புள்ளி மறைந்தது. மகனுக்குச் சொல்லவில்லை. சொன்னால், 'அதுக்குத்தான் அப்பாகிட்ட விட்டுட்டுப் போகக் கூடாதுன்னேன்' என்பானோ என்று ஒரு பயம்.

அந்த மருந்தில் இருந்தது தாமிரம். மீன் தாங்குகிற அளவைக்கூட நத்தை, நண்டு, இறால் தாங்காது. தண்ணீரை மாற்றினாலும் அதோடு போகாது. சுண்ணாம்புத் தன்மையுள்ள பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனால்தான் மருந்து கொடுக்க வேண்டிய மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றச் சொல்கிறார்கள். இது மகனின் குறிப்பில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

முதலாளி அன்றைக்கு எதையும் விற்கவில்லை, கார்பன் பொட்டலத்தையும் தாமிரம் பார்க்கிற டெஸ்ட் கிட்டையும் தவிர. "தம்பிங்க லிட்டர் கணக்குல நத்தை விப்பானுங்க சார். நீங்க வயித்துக் கணக்குல வாங்கணும். உங்க தொட்டியில 15 நத்தைக்குச் சாப்பாடு எங்க இருக்கு? பாசி தீர்ந்ததும் பட்டினி கிடந்து சாகும். நட்சத்திர மீனுக்கு அதைவிட மோசம், மணல்ல இருக்கிற சின்னப் பூச்சியெல்லாம் தீர்ந்ததும் கதை முடிஞ்சுது."

ஃபிட்டருக்கு இந்தக் கணக்கு பிடித்தது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை வருகிறதே.

அந்த ஞாயிறு கேமராவை நேராகப் பாறைக்கு முன்னால் கொண்டுபோனார். பச்சை முடி, காலி மணல், எல்லாவற்றையும் காட்டினார். நீல பாட்டிலையும் காட்டினார். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட் கட்டாகிவிட்டதோ என்று மனைவி எட்டிப் பார்த்தார்.

"ப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? முதல்ல வாங்கின ஜோடி இது இல்ல. அது மூணாவது வாரமே செத்துப்போச்சு. தண்ணி பக்குவமாகுறதுக்குள்ள அவசரப்பட்டு விட்டுட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு, நீங்க டூட்டிக்குப் போனப்போ வேற ஜோடி வாங்கி வெச்சேன்."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"பழசுக்கு நடு வெள்ளைப் பட்டை ஒரு பக்கம் பாதியிலயே நின்னுருக்கும். இதுக்கு முழுசா இருக்கு. முப்பது வருஷம் அளவு பார்த்த கண்ணுடா."

அதன்பிறகு இருவரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். தீனி ஒரு வேளையாகக் குறைந்தது. 12 மணி நேரம் எரிந்த விளக்கு 7 மணி நேரமானது. பாசிக்கான இன்னொரு வாசல் அப்போதுதான் தெரிந்தது. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக இவர் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் நல்ல தண்ணீர் சேர்ப்பது சரி. ஆனால், போர் தண்ணீரோடு உள்ளே போன நைட்ரேட், சிலிகேட் எல்லாம் வெளியேற வழியில்லை. டி.டி.எஸ் மீட்டரை முக்கிப் பார்த்தால் சமையலறை ஆர்.ஓ தண்ணீர் 60, போர் தண்ணீர் 1,100. அதோடு பக்கெட் மாறியது.

நீண்ட பாசியைப் பெரும்பாலான நத்தைகள் தின்னாது, மேய்வது பெரும்பாலும் கட்டைப் பாசியைத்தான். எனவே, பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றிப் பிடுங்கினார். வாரம் 12 லிட்டர் தண்ணீர் மாற்றம். வாரம் ஒரு டெஸ்ட். குழாயில் நிறம் மங்கி மங்கி, அக்டோபர் கடைசியில் நிறமே வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதன்பிறகுதான் கொளத்தூர்.

இந்த முறை வாங்கியது ஒரே ஒரு செரித் நத்தை. நத்தைக்குத் திடீர் உப்பு மாற்றம் ஆகாது என்பதால், மெடிக்கல் ஷாப்பில் சலைன் டியூப் வாங்கி வந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக டப்பாவில் இறக்கினார். இரண்டு மணி நேரம் ஆனது. "ஜி.எச்-ல பேஷன்ட்டுக்குக்கூட இப்படிப் பார்க்க மாட்டாங்க" என்றார் மனைவி. நத்தை அன்று இரவே கண்ணாடியில் ஏறியது. போன இடமெல்லாம் கோணல்மாணலாக ஒரு சுத்தமான கோடு.

ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவை வந்தன. பாறைக்கும் கண்ணாடிக்கும் 2 டர்போ. மணலின் மேல்பரப்புக்கு இன்னும் 2 செரித். மீன் விட்ட மிச்சத்துக்கு 2 நசாரியஸ். இவை பாசியைத் தொடாது, மணலுக்குள் புதைந்துகிடந்து, தீனி வாசம் வந்தால் மட்டும் எழுந்து வரும். மொத்தம் ஏழு. ஹெர்மிட் நண்டு வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். பாசி தின்னும்தான். ஆனால், வளர வளரப் புது ஓடு தேடும், காலி ஓடு கிடைக்கவில்லையென்றால் நத்தையைக் கொன்று அதன் வீட்டில் குடியேறிவிடும். "வாடகைக்கு வந்தவன் ஓனரைக் கொல்ற கதை" என்றார் அவர்.

டர்போ இரண்டும் ரவுடிகள். இரவில் 'டொக்' என்று சத்தம் கேட்டால் தெர்மாமீட்டரைத் தள்ளிவிட்டிருக்கும், அல்லது தானே விழுந்து மல்லாந்திருக்கும். மல்லாந்த நத்தை தானாக நிமிரும் என்று நம்பிவிட முடியாது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும்போது டார்ச் அடித்து ஒரு ரவுண்ட் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். மனைவி இதைத் துபாய்க்குப் போட்டுக்கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு கால் வந்தபோது, மகனுக்கு நசாரியஸைப் பார்க்க வேண்டுமாம். பத்து நாளாக ஒன்றும் கண்ணில் படவில்லை. செத்துவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்கும் இருந்தது, சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு பெல்லட்டை மணலில் விழும்படி போட்டார். சிறிது நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு மணல் லேசாக அசைந்து, யானைத் தும்பிக்கை மாதிரி வெள்ளைக் குழாய் ஒன்று மேலே வந்து, இடமும் வலமும் மோப்பம் பிடித்தது. பின்னால் நத்தை. அந்த மூலையில் இன்னொரு தும்பிக்கை.

"ப்பா, கேமராவைக் கிட்ட கொண்டு போங்க, கிட்ட!"

"இரு இரு, இன்னொண்ணு போடறேன்."

"என்னங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு ஏற்கெனவே போட்டாச்சு."